குடும்பத்தோடு ஓட்ட ஒரு பழைய கார்: ஹெரால்டா, பத்மினியா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். மடிப்பாக்கத்தில் வீடு, மகளுக்கு 11 வயது, மகனுக்கு 7. உங்கள் இருவருக்குமே பழைய கார் மேல் ஆசை. கோயம்புத்தூரில் ஓடாமல் நிற்கும் 1969 ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஒன்று மலிவாக வருகிறது. குரோம்பேட்டையில் 1986 பிரீமியர் பத்மினி ஒன்று ஓடுகிற நிலையில், விலை கொஞ்சம் கூட. எதை வாங்குவது, அரசாங்கம் வண்டியைப் பிடித்துக்கொண்டு போய்விடாதா, இதெல்லாம் பணம் கொழித்தவர்கள் செய்கிற காரியமாயிற்றே என்று வீட்டில் கேட்கிறார்களே, என்ன சொல்ல? இவ்வளவுதான் கேள்வி. ஆனால் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், "ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலு பேரும் ஒன்றாகக் கிளம்ப வேண்டும்" என்று. எனக்கு அதுதான் உண்மையான கேள்வியாகத் தெரிகிறது. அதனால் எந்த வண்டிக்கு நாளைக்கு விலை ஏறும் என்ற பேச்சுக்குள் நான் போகவில்லை. எது உங்கள் நாலு பேரையும் ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து விடும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஓடுகிற வண்டியை வாங்குங்கள். ஹெரால்டா பத்மினியா என்பது இரண்டாவது விஷயம். நான் ஆட்டோமொபைல் படித்துவிட்டுப் பல வருஷமாக இந்த ஊரில் பட்டறை நடத்துகிறேன், பெரும்பாலும் பழைய பிரிட்டிஷ் வண்டிகளும் ஃபியட்டும்தான் என்னிடம் வருகின்றன, வீட்டிலும் ஒரு ஃபியட் 1100 ஓடுகிறது. ஆசையாக வாங்கிய வண்டி ஒன்று டிங்கரிங் ஷெட்டில் ஏறி, கதவு ஒரு மூலையிலும் சீட்டு ஒரு மூலையிலுமாகக் கிடந்து, பிள்ளைகள் பள்ளிக்கூடம் முடித்துக் கல்லூரிக்கே போய்விட்ட பிறகும் வெளியே வராத கதைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். வண்டியைப் பிரிப்பது ஒரு வாரம், பூட்டுவது சில சமயம் ஐந்து வருஷம். உங்கள் மகனுக்கு இப்போது 7 வயது. அவனுக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து வரப் பிடிக்கிற வயது இது, வண்டி தயாராகும் வரை அந்த வயது காத்திருக்காது.

ஹெரால்டு மேல் உங்களுக்கு ஏன் மனசு போகிறது என்று எனக்குப் புரிகிறது. நம் ஊரில் பிறந்த கார் அது. பெருங்களத்தூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலையில் 1961ல் தயாரிக்க ஆரம்பித்தார்கள். மிக்கெலோட்டி என்ற இத்தாலிக்காரர் வரைந்த உருவம். பிற்பாடு இங்கேயே 4 கதவு வைத்தும் செய்தார்கள். மெட்ராசுக்கும் காருக்குமான உறவே தனி. அசோக் மோட்டார்ஸ் 1948ல் தொடங்கி எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 பூட்டிக்கொண்டிருந்தது, 1955ல்தான் அது அசோக் லேலண்ட் ஆனது. மவுண்ட் ரோட்டில் அடிசன் கம்பெனி மோரிஸ் வண்டிகளை விற்றது. இதையெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே அந்த ரோட்டில் ஒரு பழைய வண்டியில் போவது பெரிய சந்தோஷம், நான் குறைத்துப் பேச மாட்டேன். குடும்பமாக வேலை செய்யவும் ஹெரால்டு நல்ல வண்டி. முன்பக்க மட்கார்டோடு சேர்த்து பானெட் முழுசும் முன்னால் சாயும், சாய்த்துவிட்டு முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம், இன்ஜின் மூன்று பக்கமும் கைக்கு எட்டும். சுமார் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும், மயிலாப்பூர் மாட வீதியில்கூட மடக்கி எடுக்கலாம்.

ஆனால் அது தனிச் சேஸிஸ், அதாவது இரும்பு அடிச்சட்டம், அதன் மேல் பாடி வைத்த வண்டி. சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் பாடியைத் தாங்க நீட்டியிருக்கும் இரும்புக் கைகள் இருக்கின்றனவே, துரு முதலில் அங்கேதான் பிடிக்கும். மேலே பளபளவென்று பெயின்ட் அடித்திருப்பார்கள், கீழே அந்தக் கை உளுத்துப்போயிருக்கும். போய்ப் பார்க்கும்போது ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். கதவின் அடிப்பக்கம், வீல் ஆர்ச் ஓரம், கால் வைக்கிற தரை, டிக்கியில் ஸ்டெப்னி கிடக்கும் குழி, எல்லா இடத்திலும் வைத்துப் பாருங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டிதான் இருக்கிறது. பத்மினிக்கும் இதே சோதனைதான், அதிலும் கண்டிப்பாகச் செய்ய வேண்டும், ஏனென்றால் பத்மினிக்குத் தனிச் சேஸிஸே கிடையாது. பாடிதான் மொத்த பாரத்தையும் சுமக்கிறது, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் அந்தப் பெட்டி உளுத்திருந்தால் வண்டியே பலவீனம். கதவைத் திறந்துவைத்துவிட்டு ஜாக்கி போட்டுத் தூக்குங்கள். அப்புறம் கதவைச் சாத்திப் பாருங்கள். இடித்துக்கொண்டு மூடினால் வேறு வண்டி பாருங்கள். திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரி கடலோரத்தில் நின்ற வண்டியாக இருந்தால் இன்னும் இரண்டு தடவை பாருங்கள். 2015 வெள்ளத்திலோ 2023 மிக்ஜாம் புயலிலோ தண்ணீரில் நின்றதா என்று நேராகவே கேளுங்கள், சீட்டுக்கு அடியில் கம்பளத்தைத் தூக்கினால் பதில் தானாகத் தெரியும்.

இன்ஜினைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். பத்மினியின் 1089 சிசி இன்ஜினை, சிலிண்டரைக் கடைந்து போர் அடித்து, பிஸ்டன் மாற்றி, வால்வு அரைத்துத் திரும்ப ஓட வைக்கிற கைகள் சென்னையில் இன்னும் இருக்கின்றன. ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் அலைந்தால் பத்மினிக்கும் அம்பாசடருக்கும் பெரும்பாலான சாமான் கிடைத்துவிடும். அம்பாசடர் 2014 வரை வந்துகொண்டிருந்த வண்டி, பத்மினி 2000 வாக்கில் நின்றது, அதனால் பழைய ஸ்டாக் இன்னும் புழங்குகிறது. ஹெரால்டுக்கு அந்த வசதி குறைவு. கண்ணாடி, ரப்பர் பீடிங், விளக்கு வளையம் இதெல்லாம் தேடித் தேடித்தான் சேர்க்க வேண்டும், சிலவற்றை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும். இரும்பு வேலையை லேத் பட்டறையில் கடைந்துகொள்ளலாம், கண்ணாடியைக் கடைய முடியாது.

பேப்பர் விஷயம். வண்டியை விட இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஆர்.சி. புக்கில் இருக்கும் சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் வண்டியில் அடித்திருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். பழைய ஓனர் இறந்திருந்தால் வாரிசு பெயருக்கு மாற்றிய பிறகு வாங்குங்கள், "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் சார்" என்பவரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். எம்.எஸ்., டி.எம். என்று தொடங்கும் பழைய நம்பர் வண்டிகள் பல ஆன்லைன் பதிவில் ஏறியிருக்காது. ஆர்.டி.ஓ. ஆபீசில் பழைய ரிஜிஸ்டரைப் பார்த்து ஏற்றினால்தான் மற்ற எதுவும் நகரும், அதற்கு நாளாகும். உங்கள் கோயம்புத்தூர் ஹெரால்டில் எனக்கு உறுத்துகிற இடம் இதுதான். ஆர்.சி. இருக்கிறதா என்று நீங்கள் எழுதவே இல்லை.

அரசாங்கம் பிடித்துக்கொண்டு போகுமா என்றால், போகாது. தில்லியில் 15 வருஷம் ஆன பெட்ரோல் வண்டிக்கு இருக்கும் கெடுபிடி தமிழ்நாட்டில் இல்லை. இங்கே 15 வருஷம் முடிந்ததும் வண்டியைக் காட்டி எஃப்.சி. (ஓடத் தகுதியானது என்ற சான்று) பார்த்து, ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம், பசுமை வரி கட்ட வேண்டும். செலவு மட்டும் ஏறிவிட்டது. முன்பு 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணத்தை 2022 ஏப்ரலில் 5,000 ஆக்கினார்கள், 2025ல் 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கினார்கள். இதை உங்கள் கணக்கில் முதலிலேயே எழுதிவிடுங்கள்.

இங்கே பலரும் குழம்புகிற ஒரு விஷயம் இருக்கிறது. மத்திய அரசு 2021 ஜூலையில் வின்டேஜ் வண்டிகளுக்கென்று தனிப் பதிவு கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டி, மூல உருவம் மாறாமல் இருக்கும் சொந்த உபயோக வண்டிகளுக்கு அது கிடைக்கும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் கழித்துத் திரும்பப் பதிய 5,000. புது நம்பர் வாங்கினால் நடுவில் 'வி.ஏ.' என்று எழுத்து வரும், ஏற்கனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அந்தப் பதிவில் இருக்கும் வண்டியைத் தினசரி உபயோகத்துக்கு ரோட்டில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, ரிப்பேருக்குக் கொண்டுபோக, இவற்றுக்கு மட்டும்தான். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் கோவளம் போக வேண்டும் என்கிறீர்கள். அதற்குச் சாதாரணப் பதிவுதான் சரி. 1986 பத்மினிக்கு எப்படியும் 50 வருஷம் ஆகவில்லை, 1969 ஹெரால்டுக்கு ஆகிவிட்டது, ஆனாலும் உங்கள் உபயோகத்துக்கு நான் வின்டேஜ் பதிவைச் சொல்ல மாட்டேன். இன்சூரன்ஸில் மட்டும் ஒன்று கவனியுங்கள். ஐந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு மதிப்பு என்பது கம்பெனியும் நீங்களும் பேசி முடிவு செய்வது. போட்டோவும் பில்லும் காட்டிப் பேசுங்கள், அவர்கள் போடுகிற தொகைக்குத் தலையாட்டிவிட்டு வராதீர்கள்.

சரி, இனி ஓட்டுவது. முதலில் பிரேக். அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் நாலு சக்கரமும் டிரம் பிரேக், எல்லாவற்றுக்கும் ஒரே ஆயில் லைன். எங்கேயாவது ஒரு ஹோஸ் வெடித்தால் ஒரு சக்கரம் மட்டுமில்லை, நாலும் போய்விடும், ஹேண்ட் பிரேக் மட்டுமே மிஞ்சும். வண்டி வாங்கியதும் பெயின்ட்டுக்குப் போகாமல் இதற்குப் போங்கள். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ் எல்லாம் புதிது, பிரேக் ஆயில் முழுக்க மாற்ற வேண்டும், அதன் பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஆயில் மாற்ற வேண்டும், ஏனென்றால் அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், சென்னைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. டயர் பட்டன் நிறைய இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். நின்றே பழசான டயர் பார்வைக்குப் புதுசு மாதிரி இருக்கும், வெயிலில் நாற்பது கிலோமீட்டர் ஓடியதும் வெடிக்கும்.

பிள்ளைகள் விஷயத்தில் நான் சமரசமே செய்ய மாட்டேன், மன்னிக்கவும். இந்த வண்டிகளில் ஏர்பேக் இல்லை, மோதினால் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும்படி செய்த பாடி இல்லை, பலவற்றில் ஸ்டியரிங் தண்டு நேராக நெஞ்சுக்கு நேரே நிற்கிறது. ராலியில் பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கையாட்டிக்கொண்டு போவதைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். பத்மினி மாதிரி மூடிய கூரை வண்டியில் பின்சீட்டுக்கும் தோள்பட்டை பெல்ட் போட முடியும், துருவில்லாத தகட்டில் கனமான பிளேட் வைத்து வெல்டு செய்து, அனுபவமுள்ள ஆள் செய்ய வேண்டும். இடுப்பு பெல்ட் மட்டும் 7 வயதுப் பையனுக்குப் போதாது, அவனுக்கு பூஸ்டர் சீட்டும் தோள்பட்டை பெல்ட்டும் வேண்டும். 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019 சட்டத் திருத்தத்திலேயே இருக்கிறது. அபராதம் கிடக்கட்டும், பெல்ட் மாட்டாமல் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம். இதனாலேயே குடும்பத்துக்கு வண்டி கேட்கிறவர்களிடம் திறந்த கூரை வண்டியை நான் சிபாரிசு செய்வதில்லை. ஹெரால்டுக்கு இன்னொன்றும் உண்டு. பின் சக்கரங்கள் தனித்தனியாக மேலும் கீழும் ஆடுகிற அமைப்பு, வேகமாக வளைவில் போய் நடுவில் பிரேக் அடித்தால் பின்பக்கம் தூக்கிக்கொண்டு வழுக்கும். தெரிந்து ஓட்டினால் ஒன்றும் ஆகாது, ஆனால் தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் மனைவி ஆட்டோமேட்டிக் மட்டும் ஓட்டுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவருக்கும் சேர்த்துக் கற்றுக்கொடுங்கள், இதைப் பாதி உரிமையோடு அவர் ஓட்டவில்லை என்றால் கொஞ்ச நாளில் அது "அவரோட வண்டி" ஆகிவிடும், மனைவியும் பிள்ளைகளும் உங்களை வழியனுப்பிவிட்டு வீட்டுக்குள் போய்விடுவார்கள். பத்மினியில் கியர் ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும், இரண்டு காலை வேளை போதும், கை பழகிவிடும். பழைய வண்டிகள் பலவற்றில் முதல் கியருக்கு சிங்க்ரோ (பற்கள் உரசாமல் சேர உதவும் அமைப்பு) கிடையாது, வண்டி முழுக்க நின்ற பிறகே போட வேண்டும், இல்லாவிட்டால் பல் கரகரவென்று கத்தும். விடியற்காலை ஐந்தரைக்குக் கடற்கரைச் சாலையில் கற்றுக்கொடுத்தால் பதற்றம் இருக்காது. மகளுக்கும் வேலை கொடுங்கள். எங்கள் வீட்டில் சி.பி. பாயிண்ட், அதாவது ஸ்பார்க் வருவதற்காகத் திறந்து மூடும் முனை, அதற்கு இடைவெளி வைப்பது மகளின் வேலை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, இன்ஜினை மெதுவாகச் சுற்றி, பாயிண்ட் முழுக்கத் திறக்கும் இடத்தில் நிறுத்தி, இடைவெளி அளக்கும் 0.4 மில்லிமீட்டர் ஃபீலர் தகட்டை இடையில் விடுவாள். தகடு தொட்டும் தொடாமலும் இழுபட வேண்டும். முதல் தடவை முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் குனிந்தாள், செல்ஃப் அடித்து ஒரே சுற்றில் வண்டி பிடித்ததும் என்னைத் தள்ளிவிட்டு அவளே பானெட்டை மூடினாள். பையனுக்கு ஆயில் டிப் ஸ்டிக்கும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும், எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எவ்வளவு பெட்ரோல், என்ன சத்தம் வந்தது என்று அவன் எழுதட்டும். அந்த நோட்டு பின்னால் என்னை மாதிரி ஒரு மெக்கானிக்குக் கிடைத்தால் பாதி நோயை அதிலேயே கண்டுபிடித்துவிடுவோம்.

சென்னை வெயிலில் ஒரு தொந்தரவு கட்டாயம் வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். டிராஃபிக்கில் நின்று கிளம்பினால் வண்டி இழுக்காமல் விக்கி விக்கி நின்றுவிடும், செல்ஃப் அடித்தாலும் பிடிக்காது. பெட்ரோல் பம்ப் சூடேறி, உள்ளே பெட்ரோல் ஆவியாகி, பம்ப் அந்த ஆவியைத்தான் இழுத்துக்கொண்டிருக்கும். பயப்பட வேண்டாம், ஓரமாக நிறுத்தி, பானெட்டைத் திறந்து, ஒரு துணியை நனைத்து பம்ப் மேல் போட்டு பத்து நிமிஷம் விடுங்கள், பிடித்துவிடும். காலை ஒன்பதுக்குள் வீடு திரும்புகிற மாதிரி திட்டம் போட்டால் இதுவே வராது. திருவான்மியூரிலிருந்து ஈ.சி.ஆர். வழியாக மாமல்லபுரம் நாற்பத்தைந்து கிலோமீட்டர் வரும், 50 வேகத்தில் போய் இட்லி சாப்பிட்டுத் திரும்ப நல்ல தூரம். முதல் சில மாதம் முட்டுக்காடு தாண்டாமல் இருங்கள், வண்டியின் சத்தங்கள் உங்கள் காதுக்குப் பழகட்டும்.

பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வந்த பிறகு நிறையப் பேர் கேட்கிறார்கள். நிச்சயமாகச் சொல்லக்கூடியது, பழைய ரப்பர் ஹோஸும் கார்புரேட்டர் டயாஃப்ரமும் அதில் ஊறி இளகிவிடும், எத்தனால் ஈரத்தை இழுக்கும், சும்மா நிற்கும் வண்டியின் டேங்க் உள்ளே துருப்பிடிக்கும், பழைய டேங்கில் படிந்த அழுக்கைக் கரைத்துக்கொண்டு வந்து கார்புரேட்டரின் சின்னத் துளையான ஜெட்டை அடைக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸ் மாற்றி, நடுவில் ஒரு ஃபில்டர் போட்டு, வாரம் ஒரு தடவை ஓட்டினால் இவை எல்லாம் கட்டுக்குள் இருக்கும். இன்ஜின் ஆயுளே பாதியாகிவிடும் என்று சிலர் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், அப்படி அடித்துச் சொல்லும் அளவுக்கு என் பட்டறையில் எதையும் பார்க்கவில்லை. மைலேஜ் குறைவதும், கார்புரேட்டரில் பெட்ரோலைக் கொஞ்சம் கூடுதலாக விட வேண்டியிருப்பதும் உண்மை.

பணம். வண்டி விலையில் பாதியாவது தனியே எடுத்து வைத்துவிட்டு வாங்குங்கள், முதல் வருஷம் பிரேக், டயர், ரேடியேட்டர், ஒயரிங் என்று அது போய்விடும். அதன் பிறகு ஓடுகிற பத்மினிக்கு ஆகும் செலவு நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும், என்னிடம் வருகிறவர்களில் ஆசிரியர்களும் பேங்க் ஊழியர்களும் இருக்கிறார்கள். முழுசாகப் பிரித்துப் புதுப்பிப்பது அப்படியில்லை, அங்கே பட்ஜெட் என்று ஒன்று நிற்பதே கடினம். வாங்கும் முன் ஒரு சனிக்கிழமை வடபழனி ஏ.வி.எம். ஹெரிடேஜ் மியூசியத்துக்கும், ஹெரால்டைப் பார்க்கக் கோயம்புத்தூர் போகும்போது அவிநாசி ரோட்டில் இருக்கும் ஜி.டி. கார் மியூசியத்துக்கும் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். அவர்கள் எந்த வண்டி முன்னால் அதிக நேரம் நிற்கிறார்கள் என்று பாருங்கள்.

என் ஓட்டு குரோம்பேட்டை பத்மினிக்கு, காந்தமும் ஜாக்கியும் சரி என்று சொன்னால். ஹெரால்டை விட மனசில்லை என்றால் மூன்று போட்டோ எடுத்துப் போடுங்கள். ஆர்.சி. புக்கின் முதல் பக்கம் ஒன்று, பெயர் விலாசத்தை மறைத்துவிட்டு. அடியில் படுத்து, சேஸிஸின் பக்கக் கைகள் இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி ஒன்று. பானெட்டைச் சாய்த்து, சேஸிஸ் நம்பர் பிளேட்டும் இன்ஜினும் தெரிகிற மாதிரி ஒன்று. கைகள் உளுத்திருந்தால் பார்த்ததும் சொல்லிவிடுவேன், உங்களுக்குக் கோயம்புத்தூர் அலைச்சல் மிச்சமாகும்.